மின்சுற்றுப் பலகையைப் படித்தல்

யாதானுமொரு பொருளை ஆக்குவோன் முதற்கண் அதன் அமைப்பைக் கருத்திற் கொண்டு, பின்னர் அக்கருத்தை வரைபடமாக்கி, அதன்பின் அவ்வரைபடத்தின்படி பொருளைச் செய்து முடிக்கின்றான். கருத்து, வரைபடம், பொருள் என்பதே ஆக்கத்தின் ஒழுங்கு. இவ்வொழுங்கைத் தலைகீழாக மாற்றி, செய்து முடிந்த பொருளிலிருந்து வரைபடத்தை மீட்டு, வரைபடத்தின் வழியாக ஆக்கியோன் கருத்தை உணர்வதும் ஒரு கலையே. பொறியியலார் இதனைப் பின்னோக்குப் பொறியியல் என வழங்குவர். மாட்டுவண்டியொன்றைச் சுற்றிவந்து நோக்கிய தச்சன், அச்சு எவ்வாறு பொருந்தியது, ஆரக்கால் எவ்வாறு குடத்துட் செருகப்பட்டது என்பவற்றைக் கண்ணாலேயே அறிந்து கொள்கின்றான். இலத்திரனியற் கருவியொன்றைத் திறந்து நோக்குவோனுக்கு இவ்வாறு எளிதில் விளங்குவதில்லை. பச்சை நிறப் பலகையும், அதன்மேற் சிதறிய சிறு உறுப்புக்களும், அவற்றிடையே வளைந்து செல்லும் செப்புக் கோடுகளுமே அவன் கண்ணுக்குப் புலனாகின்றன. எதனோடு எது, எதற்காக இணைக்கப்பட்டது என்பது மறைந்தே கிடக்கின்றது.

கருவி செவ்வனே இயங்குங்காலத்து இம்மறைவு நம்மை வருத்துவதில்லை. பழுதுற்றபோதே வரைபடத்தின் அருமை தெரிகின்றது. சில ரூபாய்களுக்கு வாங்கத்தக்க தடையியொன்று எரிந்தமையாற் பல்லாயிரம் ரூபா பெறுமதியுள்ள ஆய்வுகூடக் கருவி பயனற்றுப் போகலாம். எரிந்த தடையியின் நிறக்கோடுகளும் உடன் எரிந்துவிட்டமையால் அதன் அளவும் தெரியாது. ஆக்கிய நிறுவனம் கலைந்து போயிருப்பின் கேட்டறிதற்கும் ஆளில்லை. முற்காலத்து வால்வு வானொலிப் பெட்டிகள் பலவற்றின் உட்புறத்தே சுற்றுவரைபடம் ஒட்டப்பட்டிருந்தது. 1977ஆம் ஆண்டில் வெளிவந்த ஆப்பிள் இரண்டு என்னுங் கணினியின் கைநூலில் அதன் சுற்றுவரைபடம் முழுவதும் அச்சிடப்பட்டது. 1981இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாட் கணினிக்கு வெளியிட்ட தொழினுட்பக் கைநூலும் அத்தகையதே. இக்காலத்து நுகர்பொருட் கருவிகளுள் வரைபடத்துடன் விற்கப்படுவன மிகச் சிலவாம். ஆகவே வரைபடத்தைப் பலகையிலிருந்தே மீட்டல் கூடுமோ என்னும் வினா எழுகின்றது. கூடும் என்பதே விடை. அதற்கு வேண்டுவன, படங்களைக் கணினிக்கு ஏற்றும் வருடியொன்று, படத்திருத்த மென்பொருளொன்று, பல்மானியொன்று, பொறுமை ஆகியனவே. அம்முறையையும் அதன் எல்லைகளையும் விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பலகையின் பிறப்பு

படங்கொண்டு பலகையைப் படித்தல் எங்ஙனம் இயலுமென அறிதற்குப் பலகை பிறந்த வகையை முதலில் அறிதல் வேண்டும். வியன்னாவிற் பிறந்து இங்கிலாந்திற் குடியேறிய போல் ஐஸ்லர் என்பார், அச்சிட்ட மின்சுற்றுக்களுக்கான காப்புரிமை வேண்டி 1943ஆம் ஆண்டில் விண்ணப்பித்தார். அதற்குமுன் வானொலிப் பெட்டியின் உறுப்புக்களைத் தனித்தனிக் கம்பிகளால் ஒவ்வொன்றாகக் கையாலேயே இணைத்து வந்தனர். ஐஸ்லரின் முறையிலோ காவலித் தகட்டின் மேல் மெல்லிய செப்புத்தாள் ஒட்டப்படுகின்றது. வேண்டிய கோடுகளின் உருவம் அச்சுத்தொழிலில் வழங்கும் முறையாற் செம்பின்மேற் பதிக்கப்படுகின்றது. பின்னர் இரசாயனக் கரைசலில் இட்டபோது மூடப்படாத செம்பு அரிக்கப்பட்டு நீங்க, மூடப்பட்ட கோடுகள் மாத்திரம் எஞ்சுகின்றன. அவையே மின்னோட்டஞ் செல்லும் வழிகள்.

இற்றைப் பலகைகளும் பெரும்பாலும் இவ்வாறே செய்யப்படுகின்றன. கண்ணாடியிழையும் பிசினுஞ் சேர்ந்த தகடு பொதுவாக 1.6 மில்லிமீற்றர் தடிப்புடையது. அதன் மேலுள்ள செம்பு ஏறத்தாழ 35 மைக்கிரோமீற்றர் தடிப்புடையது. பலகையின் இருபுறமும் கோடுகள் உள்ளவிடத்து, உட்சுவர் செம்பாற் பூசப்பட்ட துளைகள் மேற்புறக் கோட்டைக் கீழ்ப்புறக் கோட்டோடு இணைக்கின்றன.

இங்கு ஓர் உண்மை கவனிக்கத்தக்கது. செப்புக் கோடு முதலிற் படமாக இருந்தே பின்னர் உலோகமாயிற்று. பலகையென்பது ஒரு படத்தின் உலோகப் பதிவேயாம். ஆதலால் அதனை மீண்டும் படமாக்குதல் புதிய செயலன்று; ஆக்கத்தின் இறுதிப்படியிலிருந்து ஒருபடி பின்னே செல்லுதலேயாகும். இதுபற்றியே இம்முறை எளிதாகின்றது.

படமெடுத்தல்

பலகையைப் படமெடுக்குமுன் அதன் உறுப்புக்களின் எழுத்துக்கள், இலக்கங்கள், நிறக்கோடுகள் யாவும் தெளிவாகத் தெரியுமாறு சில ஒளிப்படங்கள் எடுத்து வைத்தல் வேண்டும். கழற்றிய உறுப்பு எத்திசை நோக்கி நின்றது என்பது பின்னர் ஐயத்துக்கிடமாகலாம்.

அளவறிந்து கோடுகளைத் தொடர்தற்குக் கமராவினும் வருடி சிறந்தது. கமராவிற் பலகை சிறிது சாய்ந்திருப்பினும் ஒருபுறம் பெரிதாகவும் மறுபுறம் சிறிதாகவும் தோன்றும். வில்லையின் குறையால் ஓரக்கோடுகள் வளைந்து தோன்றுதலும் உண்டு. வருடியின் கண்ணாடிமேற் படிந்த பலகைக்கு இக்குறைகள் பெரும்பாலும் இல்லை. ஆயினும் உயர்ந்த உறுப்புக்கள் பலகையைக் கண்ணாடியிற் படியவொட்டாது தடுக்குமாயின், அப்புறத்தைத் தொலைவில் நிறுத்திய கமராவாலேயே எடுத்தல் வேண்டும்.

எத்துணை நுணுக்கமாகப் படமெடுத்தல் வேண்டும் என்பதனைக் கணக்கிட்டே தெளியலாம். அங்குலத்திற்கு 600 படப்புள்ளிகள் என்னும் அளவில் வருடினால், 0.25 மில்லிமீற்றர் அகலமான கோடு ஏறத்தாழ 6 புள்ளிகள் அகலமாகத் தோன்றும். கோட்டைத் தொடர்தற்கு இது போதியது. இதனினும் நுண்ணிய கோடுகளுக்கு 1200 புள்ளிகள் கொள்ளலாம். அளவைச் சோதித்தற்கும் பலகையிலேயே ஓர் அளவுகோல் உண்டு. பழைய வகை ஒருங்கிணைந்த சுற்றுக்களின் அடுத்தடுத்த கால்களுக்கிடையே உள்ள தூரம் 0.1 அங்குலம், அஃதாவது 2.54 மில்லிமீற்றர். பதினான்கு காலுடைய சுற்றில் ஒரு நிரைக்கு ஏழு கால்கள். அவற்றிடையே ஆறு இடைவெளிகள். எனவே 600 புள்ளிப் படத்தில் முதற் காலுக்கும் ஏழாங் காலுக்கும் இடையே 360 புள்ளிகள் இருத்தல் வேண்டும். அவ்வாறன்றிக் குறைந்தோ கூடியோ இருப்பின், படத்தின் அளவில் வழுவுண்டு எனக் கொள்க.

படைகளைப் பொருத்துதல்

படத்திருத்த மென்பொருளின் சிறப்பெல்லாம் படை என்னும் ஏற்பாட்டிலே தங்கியுள்ளது. கண்ணாடித் தாள்கள் பலவற்றை ஒன்றன்மேலொன்றாக அடுக்கினாற்போல, ஒரே படத்திற் பல படைகளை வைத்து, வேண்டியதை மறைத்தும், வேண்டியதை ஒளி ஊடுருவச் செய்தும் நோக்கலாம். அடோபி நிறுவனத்தின் போட்டோஷொப் 1990இல் வெளிவந்ததாயினும், 1994இல் வந்த மூன்றாம் பதிப்பிலேயே படைகள் இடம்பெற்றன. விலையின்றிக் கிடைக்கும் ஜிம்ப் என்னும் மென்பொருளிலும் இவ்வசதி உண்டாதலின், மாணாக்கர் பொருட்செலவின்றியே இதனைப் பயிலலாம்.

மேற்புறப் படத்தை முதற்படையாகவும், கீழ்ப்புறப் படத்தை இரண்டாம் படையாகவும் கொள்க. கீழ்ப்புறப் படத்தை அப்படியே வைத்தல் ஆகாது. இடவலம் மாறுமாறு திருப்புதல் வேண்டும். தாளிலெழுதிய எழுத்தை ஒளிக்கெதிரே பிடித்துப் பின்புறமிருந்து நோக்கினால் அது கண்ணாடியிற் கண்டதுபோல இடவலம் மாறித் தோன்றுமன்றோ? பலகையின் கீழ்ப்புறத்தை மேலிருந்து ஊடுருவி நோக்குவதாகப் பாவித்தலால் இத்திருப்பம் வேண்டப்படுகின்றது. இதனை மறந்தவிடத்து வரைபடம் முழுவதும் பொய்யாகும்.

அடுத்து இருபடைகளையும் பொருத்துதல் வேண்டும். பலகையின் ஒரு மூலையிலுள்ள துளையொன்றையும் எதிர்மூலையிலுள்ள துளையொன்றையும் தெரிந்து, மேற்படையை அரைப்பங்கு ஒளி ஊடுருவுமாறு மாற்றி, கீழ்ப்படையை நகர்த்தியும் சுழற்றியும் அளவு திருத்தியும் இரு துளைகளும் ஒன்றன்மேலொன்று வரச் செய்க. பின்னர் மூன்றாவதாக வேறொரு துளையை நோக்குக. அதுவும் பொருந்துமாயின் இணைப்புச் சரியானது. முதலிரண்டும் பொருந்தி மூன்றாவது பொருந்தாதாயின், படமெடுக்கும்போது பலகை சாய்ந்திருந்தது என்பது பெறப்படும். அதனை மென்பொருளின் கோணத்திருத்தத்தாற் சீராக்கலாம்.

கோடுகளைத் தொடர்தல்

மூலப்படங்களின்மேற் கீறலாகாது. அவற்றின்மேற் புதிய வெறும் படைகளை ஏற்படுத்தி அவற்றிலேயே கீறுதல் வேண்டும். மேற்புறக் கோடுகளைச் சிவப்பாலும், கீழ்ப்புறக் கோடுகளை நீலத்தாலும், இணைப்புத் துளைகளைப் பச்சையாலும், புவித்தொடுப்பைக் கறுப்பாலும் குறித்தல் ஒரு வழக்கு. நிறம் எதுவாயினும் ஆகுக. தொடக்கத்திற் கொண்ட குறியீடு இறுதிவரை மாறாதிருத்தலே முக்கியம்.

மென்பொருளின் நிறநிரப்பற் கருவி இங்கு பெரிதும் உதவும். படத்தின் நிறவேறுபாட்டை மிகுவித்துச் செம்புள்ள இடமெல்லாம் வெண்மையாகவும் ஏனைய இடம் கருமையாகவும் ஆக்கிய பின்னர், கோடொன்றின் ஓரிடத்தே நிறத்தை ஊற்றினால், அக்கோட்டோடு தொடர்ந்த இடமெங்கும் நிறம் பரந்து, தொடர்பற்ற இடத்தே நின்றுவிடும். மின்னோட்டம் எவ்வழி செல்லுமோ அவ்வழியே நிறமுஞ் செல்கின்றது எனலாம். ஆயினும் நெருங்கிய இரு கோடுகளுக்கிடையே ஒரு புள்ளியளவு வெண்மை தவறி விழுந்தாலும் நிறம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாய்ந்துவிடும். தூசு, பற்றாசின் பளபளப்பு, பலகைமேல் அச்சிட்ட வெள்ளெழுத்து ஆகியன இவ்வழுவுக்குக் காரணமாவன. ஆகவே நிரப்பிய நிறத்தை மூலப்படத்தோடு ஒப்பிட்டு நோக்குதல் இன்றியமையாதது.

இவ்வாறு ஒரே தொடர்பிலுள்ள கோடுகளும் துளைகளும் கால்களும் சேர்ந்து ஒரு கணு எனப்படும். ஒவ்வொரு கணுவுக்கும் ஓர் இலக்கமிட்டு, அக்கணுவைச் சேர்ந்த உறுப்புக்களின் கால்களை அட்டவணையில் எழுதுதல் வேண்டும்.

பல்மானியின் சாட்சி

பல்மானியாலேயே இணைப்புக்களை அறியலாமாயிற் படமெதற்கு என ஒருவர் வினவக்கூடும். இதற்குக் கணிதம் விடை கூறும். பலகையொன்றில் 200 இணைப்பிடங்கள் உள்ளனவாகக் கொள்வோம். எதனோடு எது இணைந்தது என்பதைப் பல்மானியால் மாத்திரம் அறிதற்கு ஒவ்வோர் இணையையும் சோதித்தல் வேண்டும். இணைகளின் தொகை 200ஐ 199ஆற் பெருக்கி இரண்டாற் பிரித்த தொகையாகும், அஃதாவது 19,900. ஒன்றுக்கு மூன்று செக்கனாயினும் பதினாறு மணி நேரத்திற்கு மேலாகும். படம் 200 இடங்களையும் 60 கணுக்களாகத் தொகுத்துக் காட்டுமாயின், அத்தொகுப்பை உறுதிசெய்தற்கு 140 சோதனைகள் போதும். அடுத்தடுத்த கணுக்கள் தம்முள் ஒட்டவில்லை என்பதற்குச் சில சோதனைகள் மேலும் வேண்டும். அவ்வளவே.

ஆனாற் படத்தை நம்பிப் பல்மானியைக் கைவிடுதலும் தவறு. மயிரிழை போன்ற வெடிப்புள்ள கோடு படத்தில் முழுமையாகத் தோன்றும். மின்னோட்டம் அதிற் செல்லாது. பல்மானியும் சிலவிடத்து மயக்கும். தொடர்ச்சியைச் சோதிக்கும்போது ஒலியெழுப்பும் பல்மானி பல, தடை சில பத்து ஓம் இருப்பினும் ஒலிக்கும். சிறு தடையுடைய கம்பிச் சுருளின் இருமுனைகளும், நிலைமாற்றியின் ஒரு சுற்றின் இருமுனைகளும் இதனால் நேரே இணைந்தவைபோற் காட்டும். இத்தகைய இடங்களில் தடையின் அளவை எண்ணாற் படித்தே முடிவு செய்தல் வேண்டும்.

ஓர் எச்சரிக்கையையும் ஈண்டுக் கூறுதல் கடன். நமது வீடுகளுக்கு வரும் 230 வோல்ற்று ஆடலோட்டத்தை நேரே சீராக்கும் கருவிகளில், கொள்ளளவி ஏறத்தாழ 325 வோல்ற்று வரை ஏற்றம் பெறும். கருவியை மின்னிலிருந்து கழற்றிய பின்னரும் இவ்வேற்றம் சிறிது நேரம் நிற்கலாம். தொடுமுன் அதனைத் தக்க தடையியொன்றினூடாக இறக்கி, இறங்கியதைப் பல்மானியால் அளந்தறிதல் வேண்டும். அனுபவமில்லாத மாணாக்கர் மின்கலத்தால் இயங்கும் கருவிகளையே பயிற்சிக்குக் கொள்க.

அட்டவணையிலிருந்து வரைபடம்

கணுக்களின் அட்டவணை கிடைத்தது கொண்டு வேலை முடிந்ததென எண்ணலாகாது. பலகையில் உறுப்புக்கள் இடவசதி நோக்கி வைக்கப்பட்டுள்ளன. வரைபடத்தில் அவை பயன் நோக்கி வைக்கப்படல் வேண்டும். ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவாம்.

ஒரு பலகையின் மூலையில் நான்கு இருவாயிகள் நிற்கின்றன. ஒவ்வோர் இருவாயியிலும் வெண்கோடிட்ட முனை எதிர்வாய், மற்றையது நேர்வாய். அட்டவணையை நோக்கின், முதலாம் இருவாயியினதும் இரண்டாம் இருவாயியினதும் எதிர்வாய்கள் 1ஆங் கணுவில் உள்ளன. மூன்றினதும் நான்கினதும் நேர்வாய்கள் 2ஆங் கணுவில் உள்ளன. 3ஆங் கணுவில் முதலாவதன் நேர்வாயும் மூன்றாவதன் எதிர்வாயும், 4ஆங் கணுவில் இரண்டாவதன் நேர்வாயும் நான்காவதன் எதிர்வாயும் கூடுகின்றன. நிலைமாற்றியின் இரு கம்பிகளும் 3ஆம் 4ஆம் கணுக்களுக்கு வருகின்றன. இவற்றைத் தாளில் மாற்றி வரைந்தவுடன் யாவரும் அறிந்த பாலச் சீராக்கி தோன்றுகின்றது. பலகையில் நிரையாக நின்ற நான்கு உறுப்புக்கள் வரைபடத்தில் ஒரு சாய்சதுரமாகின்றன. 1ஆங் கணு நேர்முனை, 2ஆங் கணு புவித்தொடுப்பு என்பதும் உடனே பெறப்படும்.

1ஆங் கணுவிலிருந்து 2ஆங் கணுவுக்கு 1000 மைக்கிரோபரட்டு, 25 வோல்ற்று எனப் பொறித்த கொள்ளளவி செல்கின்றது. அதே 1ஆங் கணு, 7805 எனப் பொறித்த மூன்று காலுடைய உறுப்பின் முதலாங் காலுக்குச் செல்கின்றது. ஆக்கியோர் வெளியிட்ட தரவுத்தாள், முதலாங் கால் உள்ளிடு, இரண்டாங் கால் புவித்தொடுப்பு, மூன்றாங் கால் 5 வோல்ற்று வெளியீடு எனக் கூறுகின்றது. நிலைமாற்றி தருவது 9 வோல்ற்றாயின், அதன் உச்சம் ஏறத்தாழ 12.7 வோல்ற்று, ஓட்டம் இரண்டு இருவாயிகளைக் கடக்கும்போது ஏறத்தாழ 1.4 வோல்ற்றுக் குறையும். எனவே கொள்ளளவியில் 11.3 வோல்ற்று அளவில் எதிர்பார்க்கலாம். 25 வோல்ற்றுக் கொள்ளளவி இதற்குத் தக்கதே. இவ்வாறு பெறுமானங்கள் ஒன்றோடொன்று இயையுமாயின் வரைபடம் மெய்யென நம்பலாம். கொள்ளளவியில் 10 வோல்ற்று எனப் பொறித்திருப்பின், நாம் ஓரிடத்திற் பிழைத்தோம், அல்லது முன்னர்ப் பழுதுபார்த்தோர் பிழைத்தனர் என ஐயுறுதல் வேண்டும்.

அறிதற்குரிய அளவைகள் காண்டல், கருதல், உரை என மூன்றென்பர் நம் தருக்க நூலார். இம்மூன்றும் இங்குத் தொழிற்படுகின்றன. படத்தில் தெரிவதும் பல்மானி காட்டுவதும் காண்டல். நான்கு இருவாயிகளின் சேர்க்கையைச் சீராக்கியென உணர்தலும், கொள்ளளவியின் அளவைக் கணித்து ஒப்பிடலும் கருதல். 7805இன் கால்களின் தொழிலைத் தரவுத்தாளால் அறிதல் உரை. இவற்றுள் ஒன்றாற் பெற்ற முடிபை ஏனையவற்றாற் சோதியாது விடுவோன் வழுவுவான்.

முறையின் எல்லைகள்

இம்முறை எங்கும் செல்லுமெனக் கூறுதற்கில்லை. ஒருபுறம் அல்லது இருபுறம் மாத்திரம் செம்புள்ள பலகைகளுக்கே இது முற்றும் பொருந்தும். நான்கு செப்புப் படைகளையுடைய பலகைகளில் உள்ளிருக்கும் இரண்டும் பெரும்பாலும் மின்வழங்கலுக்கும் புவித்தொடுப்புக்கும் ஒதுக்கப்படுதலின், அவற்றைப் பல்மானியால் ஒருவாறு அறியலாம். அதனினும் மிக்க படைகளையுடையவற்றை எக்ஸ்-கதிராற் படமெடுத்தோ, பலகையைப் படைபடையாகத் தேய்த்துப் படமெடுத்தோதான் அறிதல் வேண்டும். தேய்த்தலாற் பலகை அழியும். பழுதுபார்க்க எண்ணியவன் அவ்வழியை மேற்கொள்ளான். சில ஆக்குநர் உறுப்புக்களின் மேலுள்ள பெயரைச் சுரண்டி விடுவதும் உண்டு. மேலும், நிரலேற்றிய நுண்செயலி உள்ள பலகையில் இணைப்புக்கள் யாவும் தெரிந்தாலும், செயலியுள் எழுதிய நிரல் படத்திற் புலனாகாது. நரம்புகளின் வழியை அறிந்தோன் நினைவையும் அறிந்தானாகான்.

சில்லின்மேல் அதே முறை

பலகைக்குக் கூறிய முறை சில்லுக்குள்ளும் சென்ற வரலாறொன்று உண்டு. மொஸ் ரெக்னோலொஜி என்னும் அமெரிக்க நிறுவனம் 1975ஆம் ஆண்டில் 6502 என்னும் நுண்செயலியை 25 டொலர் விலைக்கு வெளியிட்டது. ஆப்பிள் நிறுவனத்தின் முதலிரு கணினிகளும், பிரித்தானியப் பாடசாலைகளில் வழங்கிய பி.பி.சி. மைக்குரோவும் இச்செயலியின் வழியினவற்றாலேயே இயங்கின. அதன் உள்ளமைப்பு முன்னர்க் கையாலேயே வரையப்பட்டது.

2009ஆம் ஆண்டிற் கிரெக் ஜேம்ஸ், பரி சில்வர்மன், பிரையன் சில்வர்மன் ஆகிய மூவர் 6502 ஒன்றின் உறையை நீக்கி, உள்ளிருந்த சிலிக்கன் சில்லின் மேற்பரப்பை நுணுக்குக்காட்டியின் வழியாகப் படமெடுத்தனர். பின்னர் மேற்படைகளை அகற்றி அடித்தளத்தையும் படமெடுத்தனர். இவ்விரு படங்களையும் ஒன்றன்மேலொன்று பொருத்தி, அவற்றின்மேல் ஒவ்வோர் உறுப்பின் உருவத்தையும் பல்கோணங்களாக வரைந்தனர். வரைந்த உருவங்கள் ஏறத்தாழ 20,000. பலகையின் இருபுறப் படங்களைப் பொருத்துவதற்கும் இதற்கும் முறையால் வேற்றுமையில்லை. அளவால் மாத்திரமே வேற்றுமையுண்டு. அவ்வரைவிலிருந்து திரான்சிற்றர்களின் இணைப்புக்களைப் பெற்றுக் கணினியிற் போலியாக இயக்கியபோது, அவ்வரைவு மெய்யான செயலிபோலவே நிரல்களை இயக்கிற்று.

இதனால் விளைந்த பயன் யாது? அச்செயலிக்கு இடத்தக்க கட்டளைக் குறிகள் 256. அவற்றுள் 151 மாத்திரமே ஆக்கியோரால் விளக்கப்பட்டவை. எஞ்சிய 105இற் சில, விந்தையான விளைவுகளைத் தருவதை நிரலெழுதுவோர் நெடுநாளாக அறிந்திருந்தனர். உதாரணமாக, விளக்கப்படாத குறியொன்று ஒரே இலக்கத்தை இரண்டு பதிவகங்களில் ஒருசேர இட்டது. மீட்கப்பட்ட சுற்றில் ஒவ்வொரு குறியும் செல்லும் வழியைத் தொடர்ந்தே இதன் காரணத்தைக் காணக்கூடியதாயிற்று. அக்குறி வெவ்வேறு கட்டளைகள் இரண்டுக்குரிய வழிகளை ஒரேசமயத்தில் திறந்து விடுகின்றது. ஆக்கியோர் எண்ணியிராத விளைவையும் ஆக்கப்பட்ட பொருளே விளக்குதல் இங்கு காணத்தக்கது.

கற்றலும் கவர்தலும்

பிறர் ஆக்கிய பொருளை இவ்வாறு அகழ்ந்தறிதல் நேர்மையோ என்னும் வினா எழுதல் இயல்பே. அறிதல் வேறு, அறிந்ததை அப்படியே பிரதிசெய்து விற்றல் வேறு. அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1984ஆம் ஆண்டில் இயற்றிய குறைகடத்திச் சில்லுப் பாதுகாப்புச் சட்டம், சில்லின் அமைப்பைப் பிரதிசெய்து விற்றலைத் தடுத்ததாயினும், கற்பித்தல், பகுத்தாய்தல், மதிப்பிடல் என்னும் நோக்கங்களுக்காக அதனைப் படியெடுத்தலை அனுமதித்தது. கொம்பாக் நிறுவனத்தின் வரலாறும் இவ்வேறுபாட்டை விளக்கும். ஐ.பி.எம். கணினியின் சுற்றுவரைபடமும் அடிப்படை நிரலும் கைநூலில் அச்சாகியிருந்தன. ஆனால் நிரல் பதிப்புரிமைக்குட்பட்டது. ஆகவே கொம்பாக் நிறுவனத்தார் அந்நிரலை ஒரு குழுவினராற் படிப்பித்து, அது செய்யும் தொழில்களை மாத்திரம் எழுதுவித்தனர். மூலநிரலைக் கண்டிராத வேறொரு குழுவினர் அக்குறிப்பைக் கொண்டு புதிய நிரலை எழுதினர். அவ்வாறமைந்த கணினி 1982இல் அறிவிக்கப்பட்டு அடுத்த ஆண்டிற் சந்தைக்கு வந்தது. பிறர் கருத்தைக் கற்று அதன்மேல் தம்முழைப்பைச் சேர்த்தோர்க்கும், பிறர் உழைப்பையே கவர்ந்தோர்க்கும் உள்ள வேற்றுமை இதுவாம். நாடுதோறும் சட்டம் வேறுபடுதலின், வணிகநோக்கில் இதனை மேற்கொள்வோர் தத்தம் நாட்டுச் சட்டத்தை அறிந்து ஒழுகுதல் வேண்டும். தன் ஆய்வுகூடத்துக் கருவியைத் திருத்தும் பொருட்டு அதன் பலகையைப் படிக்கும் ஆசிரியனும், கற்கும் பொருட்டுப் படிக்கும் மாணவனும் எவருடைய பொருளையும் கவர்ந்தாரல்லர்.

பயில்வோர்க்கு

இக்கலையைப் பயில விரும்பும் மாணாக்கர், மின்கலத்தால் இயங்கும் பழைய வானொலி போன்ற, ஒருபுறம் மாத்திரம் செம்புள்ள பலகையொன்றிலிருந்து தொடங்குதல் நலம். முதலில் வரைபடம் கிடைக்கத்தக்க கருவியையே கொண்டு, வரைபடத்தைப் பாராது தாமே மீட்டு, பின்னர் மெய்யானதோடு ஒப்பிடுக. எங்கெங்கு வேறுபட்டது, ஏன் வேறுபட்டது என ஆராய்தலே சிறந்த பாடம். தடையியின் மஞ்சள், ஊதா, சிவப்புக் கோடுகளை 4700 ஓம் எனப் படித்தலும், மிகச்சிறிய தடையியின் மேலுள்ள 472 என்னும் இலக்கமும் அதே பெறுமானத்தைக் குறித்தல் என உணர்தலும் சில நாட்களிற் பழகிவிடும். பின்னர் இருபுறப் பலகைக்குச் செல்லலாம். மீட்ட ஒவ்வொரு வரைபடத்தையும் நாளும் கருவியின் பெயரும் குறித்துக் கல்லூரி ஆய்வுகூடத்திற் பேணி வைப்பின், அக்கருவி பழுதுறுங் காலத்து அது பிறர்க்கும் உதவும்.

பாடநூலிற் கற்கும் சுற்றுக்கள் தெளிந்த தாளில், விடை தெரிந்த வினாக்களாக நம்முன் வருகின்றன. பலகையோ வினாவையுங் கூறுவதில்லை; விடையையுங் கூறுவதில்லை. அதனைப் படித்தறிந்த மாணவன், ஓமின் விதியைப் பரீட்சைக்காக அன்றி, மெய்யான பொருளொன்றை விளங்கிக் கொள்ளுதற்காகப் பயன்படுத்தியவனாகின்றான். கருவிகளை வாங்கிப் பயன்படுத்தி எறியும் சமுதாயம் அவற்றை ஆக்கியோர்க்கு என்றும் கடன்பட்டே வாழும். அவற்றைத் திறந்து, படித்து, திருத்தத் தெரிந்தோர் பெருகுமளவிற்கே ஆக்குந்திறனும் நம்மிடையே வேரூன்றும்.